கழுத்துக்குக் கீழே நாலு விரல்

பேருந்துப் பணிமனையில் அந்த ஓட்டுநரை எல்லோரும் "ரெண்டு டிக்கெட்" என்றுதான் கூப்பிடுவார்கள். பயணியாக ஏறினால் அவருக்கு இரண்டு டிக்கெட் கிழிக்க வேண்டும் என்று என்றைக்கோ ஒரு நடத்துநர் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் அதற்காக முகம் சுளித்ததில்லை. நூற்று நாலு கிலோ உடம்பில் கோபம் வைக்க மட்டும் இடம் இல்லாமல் போனது எப்படி என்று அவர் மனைவியே கேட்பாள். இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறார். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவர் அறிந்த பயமெல்லாம் சாலைப் பயம்தான்: மழையில் வழுக்கும் வளைவு, கண்ணைக் குத்தும் எதிர்வண்டி விளக்கு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். காகிதத்துக்கும் பயப்பட வேண்டும் என்பது அந்த வருடம்தான் அவருக்குத் தெரிந்தது.

வருடாந்தரப் பரிசோதனையில் பணிமனை மருத்துவர் அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகிப் பார்த்தார். போகவில்லை. அட்டையை எடுத்துவிட்டு ஒரு தாளைச் செருகிப் பார்த்தார். தாளும் போகவில்லை. அந்தத் தாளிலேயே உத்தரவை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். மனித வெப்ப மேம்பாட்டு நிறுவனத்தில் சேர்ந்து வெப்பச் சான்றிதழ் வாங்கி வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

"டாக்டர், நான் வேணும்னா தினமும் நடக்குறேனே" என்றார் ஓட்டுநர்.

"நடக்குறதெல்லாம் பழைய முறைங்க. இப்ப உள்ளுக்குள்ளயே எரிச்சுடுறாங்க."

"எரிக்கிறாங்களா?"

"வலிக்காது" என்றார் மருத்துவர். அவர் அங்கே போனவர் இல்லை.

அன்று சாயங்காலம் மனைவி அந்தத் தாளை இரண்டு தரம் படித்தாள். அவளுக்கு மீன் குளிர்கிடங்கில் வேலை. "குளிர்ல உட்காரவச்சா கொழுப்பு கரையும்னு போட்டிருக்கான். நான் தினமும் எட்டு மணி நேரம் ஐஸ்ல நின்னு மீன் அடுக்குறேன். இது என்ன, கரைஞ்சா போச்சு?" என்று தன் கையின் மேல்சதையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. வண்டி இல்லாவிட்டால் அவர் யார் என்று அவருக்கே தெரியாது. அவள் இரண்டு சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

நிறுவனம் நான்கு மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததுமே அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியுமாக இருந்தார்கள். சேர வந்தவர்கள் எல்லோரும் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனுமாக இருந்தார்கள். கட்டடம் முழுவதும் பதினாறு டிகிரி. மனைவி மடித்துக் கொடுத்த சட்டைகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் முதல் கேள்வி: "உங்களுக்குக் கொழுப்பு அதிகம் என்று இதற்கு முன் யாராவது சொல்லியிருக்கிறார்களா?" அவர் நெடுநேரம் யோசித்து, "எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார்" என்று எழுதினார். அதை யாரும் அடிக்கவில்லை. பதிவேட்டில் முந்தைய மருத்துவ ஆலோசனை என்ற பத்தியில் ஏறிவிட்டது.

இயக்குநர் வரவேற்புரை ஆற்ற வந்தார். அவர் வயிறு முதலில் வந்தது. அரை நொடி கழித்து அவர் வந்தார். மேலே மூன்றடுக்குக் கம்பளி. அவர் அறையில் மட்டும் கணப்பு இருப்பதாக வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"கொழுப்பில் இரண்டு வகை உண்டு" என்று அவர் ஆரம்பித்தார். "வெள்ளைக் கொழுப்பு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தின்று பெருக்கும். பழுப்புக் கொழுப்பு அப்படியில்லை. அது தன்னை எரித்துச் சூடு உண்டாக்கும். பெரியவர்கள் உடம்பில் அது கொஞ்சமாகத்தான் இருக்கும். கழுத்துக்குக் கீழே நாலு விரல், அவ்வளவுதான் இடம். அதை மாத்திரையாலும் உணவாலும் குளிராலும் தட்டி எழுப்புவதே எங்கள் பணி. இந்த நிறுவனமும் ஓர் உடம்பு மாதிரிதான். மேலே இருக்கும் நாங்கள் உட்கார்ந்து யோசிக்கிறோம். கீழே இருக்கும் நீங்கள் எரிகிறீர்கள். இந்த ஒற்றுமைதான் எங்கள் வெற்றி. கழுத்துக்குக் கீழே நாலு விரல் தவிர உங்களிடம் மற்றபடி என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதில் நாங்கள் தலையிடுவதே கிடையாது. அது உங்கள் சுதந்திரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டினால் கை கொஞ்சம் சூடாயிற்று என்பதும் ஒரு காரணம்.

காலையில் ஓர் ஆரஞ்சு மாத்திரை. அதன் பின்னால் மிளகாய்ச் சாறு அடைத்த குப்பி ஒன்று. காலைச் சாப்பாடு வேகவைத்த காய்கறியும் மிளகு மிதக்கும் வெந்நீரும். மதியமும் அதுவே, ராத்திரியும் அதுவே. மாத்திரை விழுங்கிய அரை மணியில் ஓட்டுநரின் நெஞ்சு இரண்டாம் கியரில் எண்பது கிலோமீட்டர் வேகம் போகிற வண்டி மாதிரி அலற ஆரம்பிக்கும். அந்த அலறலோடு இரண்டு மணி நேரம் குளிர் கூடத்தில் இரும்பு பெஞ்சில் உட்கார வேண்டும்.

உட்காருவதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. நடுங்கக் கூடாது. சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள்: "நடுங்காதீர். நடுங்கினால் உழைப்பது சதை, ஓய்வெடுப்பது கொழுப்பு." இதைக் கண்காணிக்க அளவை அதிகாரி என்று ஓர் அம்மாள். ஒல்லியானவர், மூக்குக் கண்ணாடி, கையில் எப்போதும் பலகையில் செருகிய தாள். அவர் பெஞ்சு பெஞ்சாக நடந்து முழங்கால்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்.

முதல் நாளே ஓட்டுநரின் முழங்கால் தாளம் போட்டது.

"இது குளிரா, பயமா?" என்று அளவை அதிகாரி கேட்டார்.

ஓட்டுநர் விழித்தார். "பயந்தாங்கம்மா."

"குளிர்னா விதிமீறல். பயம்னா படிவம் ஒன்பது. ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். எதுக்குப் பயம்?"

உங்களைப் பார்த்துத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாயை மூடிக்கொண்டார். அதிகாரி ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் "பொது" என்று எழுதிக்கொண்டார்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பக்கத்துப் படுக்கைக்காரர். கடை வைத்திருக்கும் முடிதிருத்துநர். குனிந்து வெட்ட முடியவில்லை என்று மகன் கொண்டுவந்து சேர்த்துவிட்டானாம். "பயம்னு சொன்னீங்களே, அதுதான் புத்திசாலித்தனம். நான் குளிர்னு உண்மையைச் சொல்லி ஒரு நாள் சாப்பாட்டை இழந்துட்டேன்" என்று அவர் ரகசியமாகச் சொன்னார். அந்த இடத்தில் ஓட்டுநருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அந்த மனிதர்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் படம் பிடிப்பார்கள். சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா. கழுத்தைத் திறந்து காட்டி நிற்க வேண்டும். பெரிய திரையில் கழுத்தும் தோள்பட்டையும் மட்டும் தெரியும். நீலம் என்றால் சூடு இல்லை. பச்சை பரவாயில்லை. மஞ்சள் நன்று. சிவப்பை அந்த நிறுவனம் இதுவரை கண்டதில்லை. ஆனாலும் சிவப்பு வந்தால் எங்கே மாட்டுவது என்று வரவேற்பறைச் சுவரில் தங்க விளிம்போடு ஒரு வெற்றுச் சட்டத்தைத் தயாராகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஓட்டுநர் முதல் வாரம் நீலம். இரண்டாம் வாரமும் நீலம். மூன்றாம் வாரம் கருநீலம்.

"நாலு வாரம் நீலம்னா ‘வெப்பம் அற்றவர்’னு உங்க பணிமனைக்குக் கடிதம் போகும்" என்றார் அளவை அதிகாரி, நாளைக்கு மழை என்று சொல்லும் குரலில். "அதுக்கப்புறம் உங்களை இங்க ஒரு நிமிஷம்கூட வச்சிருக்க மாட்டோம்."

"அம்மா, மாத்திரையை எல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிடுறேன்."

"சாப்பிட்டா போதாது. சூடு வரணும். சிலருக்கு எவ்வளவு செஞ்சாலும் சூடு வராது."

சூடு சொரணை இல்லாதவன் என்று யாரும் அதுவரை அவரைச் சொன்னதில்லை. அதைப் படம் பிடித்துத் திரையில் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி அவர் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி படுத்திருந்தார்.

முடிதிருத்துநருக்கு அந்த வாரம் பச்சை வந்தது. பரிசாக மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள். மூன்றாம் நாள் அவர் ஓட்டுநரின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். கூண்டில் அகப்பட்ட எலி மாதிரி உள்ளே ஏதோ முட்டி மோதிக்கொண்டிருந்தது. "தூங்கிட்டா நின்னுடுமோன்னு பயமா இருக்கு. அதான் தூங்குறதில்ல" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை அவரை முதல் ஆளாகப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டுநர் கண் விழித்தபோது பக்கத்துப் படுக்கையில் விரிப்பு மாற்றியிருந்தது.

"இவர் எங்கம்மா?"

அளவை அதிகாரி தாளைப் பார்த்தார். "முடித்துவிட்டார் என்று போட்டிருக்கு."

"முடிச்சுட்டாரா, முடிஞ்சுட்டாரா?"

"அது ரகசியத் தகவல்" என்றார் அதிகாரி.

இதற்கு நடுவே ஓட்டுநரின் காலில் வேறு ஒரு சங்கதியும் இருந்தது. மூன்று நாள் முன்பு நிறுவனம் கொடுத்த செருப்பில் ஓர் ஆணி மேலே வந்து குதிகாலில் ஏறியிருந்தது. கட்டுப் போடக் கேட்டபோது, "கால் எங்கள் எல்லைக்குள் வராது" என்று சொல்லிவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே நாலு விரல் தாண்டினால் மருந்துப் பெட்டியைத் திறக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. புண் பழுத்து, பாதம் பன் மாதிரி உப்பிக்கொண்டது. அன்று காலையிலிருந்து தலை கனத்தது, கண் எரிந்தது, வாய் உலர்ந்தது. நாலாம் வாரப் படம் என்பதால் விழுந்தடித்துப் போய்க் கேமரா முன்னால் நின்றார்.

திரை பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரிச் சிவந்தது.

அளவை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஓட்டுநர் அந்த நாலு வாரத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தார். அந்த அம்மாள் சிரித்தார்.

பத்து நிமிடத்தில் இயக்குநரே இறங்கி வந்தார். ஓட்டுநரின் கழுத்தில் கையை வைத்து, அதை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கை இதமாக இருந்திருக்கும்.

"ஐயா, எனக்குக் காய்ச்சல்" என்றார் ஓட்டுநர்.

இயக்குநர் முகம் சுளித்தார். "அந்த வார்த்தையை இங்கே நாங்கள் பயன்படுத்துவதில்லை. இது பயன்வெப்பம்."

"கால்ல ஆணி குத்தி..."

"பணிவு" என்று இயக்குநர் சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். "சாதனையாளர்களுக்கே உள்ள பணிவு. பெருமையைக் காலுக்குக் கொடுக்கிறார். திங்கட்கிழமை மேலிடத்துக் குழு ஆய்வுக்கு வருகிறது. அதுவரைக்கும் இந்தச் சூட்டில் ஒரு சொட்டுக்கூடக் குறையக் கூடாது. குறைந்தால் யார் பொறுப்பு என்று எனக்குத் தெரியும்."

அவரைத் தனியறைக்கு மாற்றினார்கள். வாசலில் ஓர் ஆள் காவல். சுவரில் தொங்கிய தங்கச் சட்டத்துக்குள் அவர் கழுத்துப் படம் ஏறியது.

சனிக்கிழமை ஒப்பந்த மருத்துவர் வந்து பார்த்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பிப்பார்கள் என்பதால், எதைச் சொல்வதற்கு முன்னாலும் தோளுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொள்ளும் மனிதர். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்ததும் பின்னால் பார்க்க மறந்துவிட்டார். குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது.

"சீழ் ரத்தத்துல ஏறுது. கீறி விட்டு ஊசி போடணும், இன்னைக்கே" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், அரை மணி கழித்து வேறு முகத்தோடு திரும்பி வந்தார். "சூட்டைக் குறைக்கிற மருந்து எதுவானாலும் இங்க இருக்கிற மருந்துக் குழு அனுமதி வேணுமாம். அது வியாழக்கிழமைதான் கூடுது."

"இன்னைக்குச் சனிக்கிழமைங்களே."

"ஆமா" என்றார் மருத்துவர். அவர் கை நடுங்கியது. படிவம் ஒன்பது ஊழியர்களுக்குக் கிடையாது.

அந்த ராத்திரி ஓட்டுநருக்கு எந்தப் பக்கம் புரண்டாலும் பயமாக இருந்தது. சூடு ஏறினால் உயிர் போகும். இறங்கினால் வண்டி போகும். கண்ணை மூடினால் மலைப்பாதை, பிரேக் பிடிக்காத பேருந்து, பின்னால் நிறைய ஜனம். அத்தனை பேரும் அளவை அதிகாரியின் முகத்தோடு தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் மனைவி வந்தாள். நெற்றியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். போர்வையைத் தூக்கிக் காலைப் பார்த்தாள். எழுந்து நேரே அளவை அதிகாரியிடம் போனாள்.

"என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போறேன்."

"நாலு வாரம் முடிஞ்சது. இப்ப நீலம்னா உடனே அனுப்பிடுவோம். சிவப்பை அனுப்ப இயக்குநர் கையெழுத்து வேணும். அவர் தரமாட்டார்."

"அதுக்குள்ள என் வீட்டுக்காரர் செத்துட்டா?"

அதிகாரி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "உடனே படம் எடுத்தா கொஞ்ச நேரத்துக்குச் சிவப்பாத்தான் இருக்கும்" என்றார்.

மனைவி அறைக்குத் திரும்பியபோது அவள் உதடு வெளுத்திருந்தது. ஒப்பந்த மருத்துவர் கட்டில் அருகே நின்றுகொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

"டாக்டர், பக்கத்துப் படுக்கையில ஒருத்தர் இருந்தாராமே. உயிரோட இருக்காரா?"

மருத்துவர் பின்னால் பார்த்துக்கொண்டார். "இருக்கார். படம் எடுக்குறதுக்கு முன்னால தலையோட பச்சைத் தண்ணி ஊத்திக்கிட்டு ஈரத்தோட வந்து நின்னுட்டார். படம் நீலம். ரெட்டை மாத்திரைக்கும் நீலம்னா இனி தேறாதுன்னு பத்து நிமிஷத்துல வெளியே தள்ளிட்டாங்க. இப்ப கடையில முடி வெட்டிட்டு இருக்கார்."

"அப்ப நாளைக்கு இவருக்கும் நீலம் வந்தா?"

"மேலிடத்துக் குழுவுக்கு முன்னாடியா?" மருத்துவர் கதவைப் பார்த்துக்கொண்டார். "அப்பவே அனுப்பிடுவாங்க."

"ஐஸ் எங்க இருக்கு?"

"இந்தக் கட்டடத்துல அதைத் தவிர வேற எதுவுமே இல்லம்மா."

"நேரா வச்சா தோல் வெந்துடும். ஈரத்துணியில சுத்தி, கழுத்துலயும் தோள்லயும் வைக்கணும். கால் மணி நேரம் வச்சா போதும். பெரிய பெரிய மீனையே நாங்க அப்படித்தான் உறைய வைக்கிறோம்."

"வேண்டாம்" என்றார் ஓட்டுநர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண் குழிக்குள் போயிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "நீலம் வந்தா பணிமனைக்குக் கடிதம் போயிடும். வண்டி போயிடும். வியாழக்கிழமை வரைக்கும் தாங்கிப் பார்க்குறேன்."

மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ கடைச் சாமான் விலை கேட்பவள் மாதிரிக் கேட்டாள்.

"வண்டி ஓட்டிட்டு இருக்கீங்க. எஞ்சின் சூட்டைக் காட்டுற முள் சிவப்புக்குப் போயிடுச்சு. என்ன பண்ணுவீங்க?"

"ஓரம் கட்டுவேன்."

"வண்டி நிறைய ஜனம் இருந்தாலும்?"

"இருந்தாலும்."

"பின்னால நின்னு ஆரன் அடிச்சாலும்?"

அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்து, அந்தச் சூட்டில் பாதியிலேயே காய்ந்தது.

"கட்டுங்க" என்றாள் அவள்.

திங்கட்கிழமை மேலிடத்துக் குழு வந்தது. ஐந்து பேர், ஐந்து கம்பளிக் கோட்டு. ஓட்டுநரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து கேமரா முன்னால் நிறுத்தினார் ஒப்பந்த மருத்துவர். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கால் மணி நேரம் ஐஸ் துணிக்குள் இருந்த கழுத்து ஓட்டுநருக்குத் தன்னுடையதாகவே தோன்றவில்லை. தலை கொதித்தது, கழுத்து மரத்துப் போயிருந்தது. யாராவது தொட்டுப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்கிற ஒரே நினைப்புதான். ஆனால் மேலிடத்தார் வந்திருக்கும்போது திரையை விட்டு ஆளைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

"பெரியோர்களே" என்றார் இயக்குநர். "எடை மிகுந்த மனிதன் சமுதாயத்துக்குப் பாரம் என்றார்கள். நாங்கள் சொல்கிறோம்: அவன் எரிபொருள். இந்த ஒரு கழுத்தின் சூட்டில் ஓர் அறையைக் கணப்பில்லாமல் வைத்துக்கொள்ளலாம். இப்படி நூறு பேர் கிடைத்தால் நம் அலுவலகங்களுக்கே..." என்று சொல்லியபடி திரையைக் காட்டிக் கையை நீட்டினார்.

திரை நீலமாக இருந்தது. நடுக்கடல் மாதிரி நீலம்.

குழுத் தலைவர் திரையைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். "என்ன இது?"

"வெப்பம்... வெப்பம் முழுக்க உள்வாங்கிவிட்டது" என்றார் இயக்குநர். "மிக உயர்ந்த நிலையில் வெளியே ஒன்றும் தெரியாது."

"அப்படியென்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அந்த நிறுவனத்தில் படிவம் இல்லை. இயக்குநரின் கழுத்துத் துணிக்குக் கீழே வேர்த்தது. பதினாறு டிகிரியில் அவர் ஒருவருக்குத்தான் வேர்த்தது. அதைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் சட்டென்று அளவை அதிகாரியிடம் திரும்பினார். "யார் இந்த ஆள்? நான் பார்த்ததே இல்லையே. எப்படி உள்ளே வந்தார்? பெயரை எடுங்கள். பதிவேட்டிலிருந்தே எடுங்கள்."

அளவை அதிகாரி அங்கேயே கோடு போட்டு அடித்தார். பத்து நிமிடம் ஆகவில்லை. பின்வாசல் திறந்து நாற்காலியோடு வெளியே தள்ளினார்கள். பிறகு நாற்காலி நிறுவனத்தின் சொத்து என்று நினைவுக்கு வந்து, ஆளை இறக்கிவிட்டு அதை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

குளிர்கிடங்கு வண்டியோடு மனைவி வெளியே காத்திருந்தாள். காலி மீன்பெட்டிகளுக்கு நடுவே சாக்கை விரித்து அவரைக் கிடத்தினாள். வண்டி வேகமெடுத்தபோது, பழக்க தோஷம், அவர் கண்ணை மூடியபடியே, "வளைவுல மெதுவா போகச் சொல்லு" என்றார்.

பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவர் காலைக் கீறி ஒரு கிண்ணம் சீழ் எடுத்தார். "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா முழங்காலோட எடுத்திருக்கணும்" என்று மனைவியிடம் சொன்னார். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. விடியற்காலையில் கண் விழித்த ஓட்டுநர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, அது குளிர்ந்திருப்பது தெரிந்ததும் அலறியடித்துக்கொண்டு எழுந்தார். "போயிடுச்சு, சூடு போயிடுச்சு" என்று அவர் புலம்ப, மனைவி தோளைப் பிடித்து உலுக்கி, இது ஆஸ்பத்திரி, இங்கே போனால் நல்லது என்று புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று.

வேலை விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பதிவேட்டிலிருந்தே பெயரை எடுத்துவிட்டதால், ‘வெப்பம் அற்றவர்’ என்ற கடிதமும் எழுத வழியில்லாமல் போயிற்று. இல்லாத ஆளைப் பற்றி என்னவென்று எழுதுவது? இரண்டு மாதம் கழித்து அவர் ஊன்றுகோலோடு பணிமனைக்குப் போனபோது, மருத்துவர் பழையபடி இருக்கையில் உட்காரவைத்து அட்டையைச் செருகினார். அட்டை தாராளமாகப் போயிற்று. பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செருகினார். அதுவும் போயிற்று. சாகப் பிழைக்கக் கிடந்ததில் பதினோரு கிலோ குறைந்திருந்தது. "பாத்தீங்களா, வலிக்காதுன்னு சொன்னேன்ல" என்று மருத்துவர் சான்றிதழைக்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். காலில் கட்டுப் பிரித்ததும் அவரிடம் வண்டியைக் கொடுத்தார்கள். முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவர் விரல்கள் சொன்னபடி கேட்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பணிமனை மருத்துவர் பெருமையாக எழுதிய அறிக்கை எங்கெங்கோ சுற்றி, பதினோரு கிலோ என்ற எண் இயக்குநரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அடித்த பெயரை மறுபடி எழுதினார்கள். ஒரு காலை நேரம், ஓட்டுநர்களும் நடத்துநர்களும் கூடியிருந்த பணிமனை முற்றத்தில், இயக்குநர் கம்பளிக் கோட்டோடு வந்து இறங்கினார். கூடவே அளவை அதிகாரி. கையில் அதே பலகை. அதில் செருகியிருந்த தாளில் பணிமனை ஊழியர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வயிறு பெருத்தவர்கள் மட்டுமில்லை, எல்லோரும்.

"இந்த மாமனிதரை முதல் நாள் பார்த்தபோதே எனக்குத் தெரியும்" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் முழங்கினார். "எங்கள் முறையில் நான்கே வாரம். அதற்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பிய பின்னும் எடை குறைந்துகொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் தொடாத நேரத்திலும் எங்கள் முறை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இவரே இரண்டு வார்த்தை சொல்லட்டும்."

ஓட்டுநரின் கையில் மைக்கைத் திணித்தார்கள். நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். எதிரே கூட்டாளிகள் நின்றார்கள்; அவருக்குப் பட்டப்பெயர் வைத்த நடத்துநர் முன்வரிசையில் தொப்பையோடு நின்றார். அளவை அதிகாரி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். தப்பாக ஏதாவது வாயில் வந்துவிட்டால் வண்டி மறுபடியும் போய்விடும். ஆனால் பயத்தில் வாயைத் திறந்தால் உள்ளே எது மேலே இருக்கிறதோ அதுதான் வரும்.

"பதினோரு கிலோ குறைஞ்சது உண்மைதாங்க" என்றார். குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ மாதிரி ஒலித்தது. "காலை எடுத்திருந்தா இன்னும் பத்து கிலோ குறைஞ்சிருக்கும்."

முன்வரிசை நடத்துநர் கொல்லென்று சிரித்தார். அவரைத் தொட்டு முற்றமே சிரித்தது. வாசலில் இருந்த டயர் கடைக்காரர் வரை சிரித்தார். ஓட்டுநருக்கு நெஞ்சு கொஞ்சம் இளகி, நாலு மாதத்தில் முதல்தடவையாக அவரும் சிரிக்கப் பார்த்தார்.

இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. தலையைச் சாய்த்து ஏதோ கணக்குப் போடுவதுபோல் நின்றார். பிறகு அளவை அதிகாரியின் பக்கம் குனிந்து, பக்கத்தில் ஓட்டுநர் கையில் மைக் இன்னும் திறந்திருப்பதை மறந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"ஒரு காலுக்கா பத்து கிலோ? குறித்துக்கொள்ளுங்கள்."

சிரிப்பு வரிசை வரிசையாக நின்றது. முற்றத்தில் அந்தப் பேனா தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அளவை அதிகாரி எழுதி முடித்து, அடியில் கோடு போட்டு, பெயர்ப் பட்டியலின் முதல் பெயரைப் படித்தார்.